பேர் போடுதல்

தகரப் பலகை ஆறடி. மூன்று வரிக்கு இடம்.
ஏணியில் ஒரு காலை வைத்தபடி
மரியசூசை கேட்டான்:
"என்ன பேர் போட, கிராணி?"

முப்பத்தோரு வருசம் பேர் போட்டவன் நான்.
முழுப்பேர், அரைப்பேர்,
வராதவனுக்குச் சிவப்பு மையில் சுழி.
பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும்
செக்ரோல் என் கையெழுத்தில்தான் இருந்தது.
இந்த ஒரு பேருக்குக் கை ஓடவில்லை.

முதல் வரி மலாய். கெரேஜா.
பகாவ் பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் வழி சொல்லும் சொல்.
மலாக்காவில் கப்பலிலிருந்து இறங்கியது.
போர்ச்சுகீசியர் வாயில் இக்ரேஜா;
கரையேறும்போது முன்னெழுத்தைக்
கடலிலேயே விட்டுவிட்டது.
அதற்கு முன் லத்தீன்,
அதற்கும் முன் கிரேக்கம்: எக்ளேசியா.
தபால்வழி வேதபாடம் இரண்டு வருசம் படித்தேன்.
மூன்றாம் வருசக் கட்டணம் கட்டவில்லை.
அதுவரை வந்த தாள்களில் இருந்தது:
வெளியே வா என்று கூப்பிடப்பட்டவர்கள்.

ஆதியில் அது கோயிலே இல்லை, ஊர்க்கூட்டம்.
ஏதென்ஸில் கூவி அழைப்பார்களாம்.
வர மசங்குகிறவர்களைச்
செஞ்சாயக் கயிற்றால் வளைத்துத் தள்ளுவார்களாம்.
துணியில் கறை பட்டவன் தண்டம் கட்டணும்.
படித்தபோது சிரித்துவிட்டேன், பிறகு சிரிக்கவில்லை.
இங்கேயும் இருட்டோடு
தண்டவாளத் துண்டில் அடி விழும்.
பெரட்டுக்குப் பிந்தி வந்தவனுக்கு அரைப்பேர்.
கயிறு என் பேனாவுக்குள் இருந்தது.

ஒரே வித்தியாசம்.
அங்கே அடிமையைக் கூப்பிட மாட்டார்கள்,
பெண்ணை, வெளியூரானைக் கூப்பிட மாட்டார்கள்.
இங்கே
அவர்களை மட்டும்தான்.

பின்னொரு நாள் கொரிந்துவில்,
கூப்பிடப்படாத அந்த ஆட்களே
யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில்
அப்பம் பிட்டுத் தின்றபடி
அந்தப் பேரைத் தங்களுக்குப் போட்டுக்கொண்டார்கள்.
எந்தக் கிராணியையும் கேட்கவில்லை.

"தமிழுக்கு?" என்றான் மரியசூசை.
சபை என்றேன்.
ராஜாக்கள் சூதாடிய மண்டபத்துச் சொல்.
திரு என்று முன்னால் நீர் தெளித்து
உள்ளே சேர்த்திருக்கிறோம்.
"திருச்சபைன்னா எழுத்து கூட, கிராணி.
எழுத்துக்கு எட்டு வெள்ளி."
டீ கொண்டுவந்த சாகுல் அமீது சொன்னார்:
"கூட்டம்தானே? எங்களில் ஜமாத்."
தோட்டத்துக்கு வந்திருக்கும் புளோரஸ்காரர்கள்
தங்கள் கூட்டத்தை ஜெமாஅத் என்கிறார்கள்.
அவரிடம் சொன்னேன். டீக்குக் காசு வாங்கவில்லை.

மூன்றாவது இங்கிலீஷ். சர்ச்.
அது வேறு வம்சம்:
ஆண்டவருக்கு உடைமையானது என்று பொருள்.
இந்த மண்ணில் எல்லாமே
யாரோ ஒருவருக்கு உடைமையானதுதான்.
லயத்தை இடிக்க கம்பெனி அனுப்பிய நோட்டீஸும்
வெளியே வா என்றுதான் கூப்பிட்டது.
நாற்பத்திரண்டு குடும்பம்.
கடைசிப் பட்டியலையும் நானே எழுதினேன்.
முந்திரி மரத்தடியில் கோயில் மட்டும் மிச்சம்.
தண்டவாளத் துண்டைப் பெரட்டுக்களத்திலிருந்து
தூக்கிவந்து அதன் வாசலில் கட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை பாதி தாண்டியிருக்கும்.
செம்பனைச் சேறு காயாத பூட்ஸோடு
ஒருவன் வாசலில் நின்று
பலகையை அண்ணாந்து படித்தான்.
முதல் வரியை மட்டும், உதடசைய.
வண்ணம் இன்னும் ஈரம்.
மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தேன்.
விரல்கள் சட்டைப்பைக்குள் பேனாவைத் தேடின.

பேர் கேட்டேன்.
"யொஹானஸ்."
எழுதிக்கொள்ளவில்லை.
பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.